குமிழி வாளியா, மணல் தொட்டியா, விண்பதியமா? குச்சியில் வேர் பிடிக்க வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டெல்லி கனகாம்பரத்தில் விதை பிடிப்பதில்லை. மும்மடியக் குரோமோசோம் கொண்ட செடி அது. பூவை அள்ளிக் கொடுக்கும், காய் வைக்காது. ஆகவே எந்தப் பூச்சந்தைக்கு அந்தப் பூ வந்தாலும், அதைத் தந்த செடி இன்னொரு செடியிலிருந்து வெட்டி வேர் பிடிக்க வைத்த குச்சியாகத்தான் இருக்கும். குண்டுமல்லியும் அப்படியே. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தோட்டங்கள் பலவற்றுக்கு நாற்று போவது ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்து. அங்குள்ள மணற்பாங்கான நிலத்தில் மல்லிகைக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றி, வேர்விட்டதும் பிடுங்கிக் கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். கரும்புக் கரணை, மரவள்ளிக் குச்சி, வெற்றிலைக் கொடி, மரமுருங்கைப் போத்து என்று தமிழ்நாட்டு விவசாயத்தில் ஒரு பெரும் பகுதி விதையைத் தொடாமலே நடக்கிறது.

மாடித்தோட்டக்காரர்களும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறார்கள். பக்கத்து வீட்டு அடுக்குச் செம்பருத்தியில் ஒரு கிளை, சொந்த ஊரிலிருந்து கொண்டுவந்த பன்னீர் ரோஜாவில் ஒரு குச்சி, தெரிந்தவர் தந்த மிளகுக் கொடியில் ஒரு துண்டு. பத்துக் குச்சி வைத்தால் இரண்டு பிழைக்கிறது, எட்டு கறுத்துப் போகிறது. இந்தக் கணக்கை மாற்ற இப்போது பலரும் மீன்தொட்டி ஏர் பம்ப்பும் வாளியும் வைத்துக் குமிழி வாளி செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் கஞ்சாச் செடியை வீட்டில் வளர்ப்பவர்களிடையே இந்த வாளி மிகவும் பிரபலம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அந்தச் செடியை அனுமதியின்றி வளர்ப்பது குற்றம். ஆனால் வாளியின் வேலைமுறை எந்தச் செடிக்கும் பொதுவானது. செம்பருத்திக்கும் மருதாணிக்கும் அது பயன்படும்.

எல்லாச் செடிக்கும் பயன்படுமா என்பதுதான் கேள்வி. கண்ணாடிக் குவளை, குமிழி வாளி, மணலும் நார்க்கழிவும் கலந்த தொட்டி, பதியம் ஆகிய நான்கு வழிகளில் எதை எப்போது எடுப்பது என்பது செடியைப் பொறுத்தும், வீட்டின் வெயில், தண்ணீர், மின்சாரத்தைப் பொறுத்தும் மாறும்.

குச்சிக்குள் நடப்பது என்ன?

கிளையை வெட்டிய நொடியிலிருந்து குச்சிக்கு இரண்டு நெருக்கடிகள். மேலே இலைகள் வழக்கம்போல நீரை ஆவியாக விட்டுக்கொண்டிருக்கின்றன. கீழே அதை ஈடுகட்ட வேர் இல்லை. அதே நேரத்தில் வெட்டுப்பட்ட அடிப்பகுதி காயத்தை மூடி, புதுத் திசுவை உண்டாக்கி, அதிலிருந்து வேரைப் பிறப்பிக்க வேண்டும். இந்த வேலைக்குச் சர்க்கரையும் ஆக்சிஜனும் வேண்டும். சர்க்கரை குச்சியிலேயே சேமிப்பாக இருக்கிறது. இலை கொஞ்சம் புதிதாகவும் செய்து தரும். ஆக்சிஜன் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

வேர் பிறக்கக் கட்டளை இடுவது ஆக்சின் என்ற வளரூக்கி. நுனி மொட்டிலும் இளம் இலையிலும் உருவாகிக் கீழ்நோக்கி இறங்கும் இந்தப் பொருள், வெட்டுப்பட்ட இடத்துக்கு மேல் போய்த் தேங்குகிறது. 1920-களின் பிற்பகுதியில் நெதர்லாந்தில் ஓட்ஸ் நாற்றின் முனைகளை வைத்து ஆய்வு செய்து அப்படி ஒரு பொருள் இருப்பதைக் காட்டியவர் ஃபிரிட்ஸ் வென்ட். 1935-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்சன் ஆய்வு நிறுவனத்தில் சிம்மர்மனும் வில்காக்சனும் ஐ.பி.ஏ. எனப்படும் இண்டோல் பியூட்ரிக் அமிலம் வேர்விடுதலை இன்னும் நன்றாகத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். உரக்கடையில் சிறு டப்பாவில் கிடைக்கும் வேர்ப்பொடிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். ஆக்சின் மேலிருந்து கீழே மட்டும் இறங்குவதால் குச்சியைத் தலைகீழாக ஊன்றினால் வேலை கெடும். இலையெல்லாம் உதிர்ந்த மொட்டைக் குச்சிகளை வெட்டும்போது அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டும் வழக்கம் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க உதவும்.

தோல்விகளுக்குப் பெரிய காரணம் தண்ணீர் குறைவு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அதனால் இன்னும் ஊற்றுகிறார்கள். உண்மையில் அடிப்பகுதியில் தட்டுப்படுவது பெரும்பாலும் காற்று. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடியது சுமார் 7.5 மில்லிகிராம்தான். அந்தக் கொஞ்சமும் தண்ணீருக்குள் நகரும் வேகம், காற்றில் நகரும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. குச்சியைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைக் குச்சி உறிஞ்சிவிட்டால், புதிதாக வந்து சேர நேரமாகிறது. அதற்குள் காற்றில்லாத இடத்தில் பெருகும் கிருமிகள் வெட்டுவாயில் குடியேறிவிடுகின்றன. நான்கு வழிகளையும் எடைபோட ஒரே அளவுகோல் போதும்: இலை வாடாமல், அடியில் எவ்வளவு காற்று தருகிறது?

கண்ணாடிக் குவளை: எளிதில் வேர்விடுபவற்றுக்கு

செலவே இல்லாத வழி. புதினா, கற்பூரவல்லி, துளசி, பொன்னாங்கண்ணி, மணி பிளான்ட், கோலியஸ் போன்றவற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை. இவற்றின் தண்டு இளசானது. கணுக்களிலிருந்து வேர் விரைவாகப் பிறக்கும். புதினாவும் கற்பூரவல்லியும் ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை நூல் போட்டுவிடும். இந்த வேகத்தில் தண்ணீரின் ஆக்சிஜன் குறைவு ஒரு பொருட்டாவதில்லை.

இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவது, தண்ணீருக்குள் இலை மூழ்காமல் பார்ப்பது, நேர் வெயிலில் வைக்காதது. இவ்வளவுதான் பராமரிப்பு. வாய் குறுகிய பாட்டிலைவிட வாய் அகன்ற குவளை நல்லது. காற்றைத் தொடும் நீர்ப்பரப்பு கூடும்.

கட்டைத்தன்மை உள்ள குச்சிகளுக்குக் குவளை பெரும்பாலும் ஏமாற்றம். செம்பருத்தி சில சமயம் வேர்விடும். ஆனால் மூன்று, நான்கு வாரம் நின்ற நீரில் தாக்குப்பிடிக்க வேண்டியிருப்பதால் அடி கொழகொழத்துப் போகும் வாய்ப்பு அதிகம்.

குமிழி வாளி: காற்றைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் வழி

குவளையின் குறையைத் தீர்க்கத்தான் குமிழி வாளி. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, மீன்தொட்டிக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏர் பம்ப், ஒரு ஏர் ஸ்டோன், இரண்டு மீட்டர் சிலிக்கான் குழாய், ஸ்பாஞ்சுத் துண்டுகள் ஆகியவை போதும். 10 லிட்டர் வாளி மூடியில் 3 சென்டிமீட்டர் அகலத்தில் ஆறு முதல் எட்டுத் துளைகள் போட்டு, ஒவ்வொரு துளையிலும் நடுவில் கீறிய ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகி, அதன் நடுவில் குச்சியை நிறுத்துகிறார்கள். குச்சியின் அடி மூடிக்குக் கீழே ஐந்தாறு சென்டிமீட்டர் தொங்கும். தண்ணீர் அந்த அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கீழே கிடக்கும் ஏர் ஸ்டோனிலிருந்து எழும் குமிழிகள் மேற்பரப்பில் வெடித்துத் திவலையாகத் தெறிக்கின்றன. குச்சியின் அடி நனைந்துகொண்டே இருக்கிறது. அதே சமயம் சுற்றிலும் காற்று.

வென்டின் பெயர் இங்கே மறுபடியும் வருகிறது. வேரைக் காற்றில் தொங்கவிட்டு நீர்த்திவலை தெளித்து வளர்க்கும் முறைக்கு 1957-இல் ஏரோபோனிக்ஸ் என்று பெயர் சூட்டியவர் அவரே. வீட்டுக் குமிழி வாளி அந்த முறைக்கும் நின்ற நீருக்கும் இடைப்பட்டது. தெளிப்பு முனை இல்லை, அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை.

வாளியின் பெரிய பலம், கண்ணால் பார்க்க முடிவது. மூடியைத் தூக்கினால் ஒவ்வொரு குச்சியின் அடியும் தெரியும். முதல் வாரத்தில் தண்டின் தோலில் வெள்ளைப் புள்ளிகள் புடைத்து வரும். பலர் இதை வேர் என்று நினைத்துக் குச்சியை எடுத்துவிடுகிறார்கள். அவை தண்டின் மூச்சுத்துளைகள். ஈரத்தில் வீங்கி நிற்கின்றன. அதன்பின் வெட்டுவாயின் விளிம்பில் வெளிர்ப் பச்சையாகவோ வெள்ளையாகவோ முடிச்சு முடிச்சாக ஒரு திசு திரளும். வேர் அதற்குப் பிறகு, பெரும்பாலும் கணுவை ஒட்டியோ வெட்டுவாய்க்குச் சற்று மேலோ, கூர்மையான வெள்ளை முனையாகத் தோலைக் கிழித்துக்கொண்டு வரும். நல்ல வேர் வெள்ளையாக, தொட்டால் விறைப்பாக இருக்கும். பழுப்பாக, வழுவழுப்பாக, நாற்றம் அடித்தால் அந்தக் குச்சியை உடனே எடுத்துப் போட்டுவிட்டு, வாளியைக் கழுவித் தண்ணீரை மாற்ற வேண்டும். ஒரு குச்சியின் அழுகல் எட்டுக் குச்சிக்கும் போகும் என்பது இந்த முறையின் குறை; தண்ணீர் எல்லாருக்கும் ஒன்றுதானே.

பெரிய பலவீனம் வெப்பம். குளிர்நாடுகளில் வாளித் தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் வாங்குகிறார்கள். இங்கே எதிர்த் தொல்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். வெப்பம் ஏற ஏற அந்த அளவு குறைகிறது. குச்சியின் சுவாசமோ அதே வெப்பத்தில் கூடுகிறது. வேரழுகலை உண்டாக்கும் பித்தியம் போன்ற கிருமிகளுக்கும் இந்த நிலை கொண்டாட்டம். சித்திரை, வைகாசியில் மாடியில் வைத்த வாளி தோற்றுப்போவதற்கு இதுதான் காரணம். வாளி வீட்டுக்குள், தரைத்தளத்தில், வெளிச்சம் வரும் ஆனால் வெயில் விழாத ஜன்னலருகே இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை மதியத்தில் பிடித்து ஊற்றக் கூடாது. விடியற்காலையில் பிடித்தால் சூடு இருக்காது.

பிளாஸ்டிக் வாளிக்குப் பதில் மெருகிடாத மண்பானையை வைப்பது நம் ஊருக்குப் பொருத்தமான மாற்றம். பானையின் சுவர் வழியே கசிந்து ஆவியாகும் நீர் உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர வைக்கிறது. மதுரை, திருச்சி, சேலம் போன்ற காய்ந்த காற்றுள்ள ஊர்களில் இந்தக் குளிர்ச்சி நன்றாகத் தெரியும்; சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோரப் புழுக்கத்தில் குறைவாக இருக்கும். வெளிச்சமும் உள்ளே புகாது என்பதால் பாசி பிடிக்காது. பானைவாய்க்கு ஏற்ப வெட்டிய தெர்மாகோல் தட்டே மூடி. கசிவால் தண்ணீர் குறையும் என்பதால் அளவைத் தினமும் பார்த்து ஊற்ற வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் இருக்கும் சிறிதளவு குளோரின் குச்சியைக் கெடுக்காது. வழுவழுப்புப் படிவதைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். உப்பேறிய போர்வெல் தண்ணீர்தான் சிக்கல். ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்துக் குடிக்கும் தண்ணீரை வாளிக்குப் பயன்படுத்தலாம். அந்தக் கருவி வெளியே தள்ளும் கழிவுநீரைப் பயன்படுத்தக் கூடாது; போர்வெல் தண்ணீரில் இருந்ததைவிட உப்பு அதில் அதிகம். வேர் வரும்வரை வாளியில் உரம் எதுவும் கலக்கத் தேவையில்லை. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை முழுதாக மாற்றினால் போதும். வேர்ப்பொடியை இங்கே பயன்படுத்துவதில் பொருளில்லை. குமிழி அதைக் கழுவிவிடும். தேவைப்பட்டால் திரவ வளரூக்கியில் சில நொடி முக்கி, ஈரம் உலர்ந்தபின் குச்சியை மூடியில் செருகலாம்.

மின்சாரப் பாதுகாப்பில் அலட்சியம் கூடாது. பம்ப் வாளியின் நீர்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். கரண்ட் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி ஏறிப் பம்ப்புக்குள் போவதை அது தடுக்கும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஒருவழி வால்வையும் குழாயில் போடலாம். வயர் பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 5 வாட் பம்ப் இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான் ஆகும். ஓரிரு மணி நேர மின்வெட்டு குச்சிகளைப் பாதிக்காது. பகல் முழுக்கக் கரண்ட் போகும் ஊரில், மீன் கொண்டுபோகப் பயன்படும் பேட்டரி பம்ப் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

செம்பருத்தி, மருதாணி, அத்தி, திராட்சை, கனகாம்பரம், கோலியஸ் ஆகியவை வாளிக்கு ஏற்றவை. அரளியும் வேர்விடும். ஆனால் அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு; குச்சி நின்ற தண்ணீரும் நஞ்சேறியதே. குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் உள்ள வீட்டில் அரளியை வாளியில் வைக்காமல் இருப்பதே சரி.

மணலும் நார்க்கழிவும்: ஊரறிந்த வழி, சரியாகச் செய்தால்

தங்கச்சிமடத்து மணல் செய்யும் வேலையைத் தொட்டியில் செய்வதுதான் இந்த முறை. மணல் நீரைத் தேக்காது. தானாக வடியவிட்டு, மணிகளுக்கு இடையில் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய தொட்டியில் குச்சி ஊன்றுவது வழக்கமான தவறு. அந்தக் கலவை வளர்ந்த செடிக்கானது. வேரில்லாத குச்சிக்கு அதில் காற்றும் குறைவு, கிருமியும் அதிகம்.

பருமணல் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு என்ற கலவை பெரும்பாலான குச்சிகளுக்குப் பொருந்தும். ஆற்றுமணலுக்குப் பதில் எம்-சாண்ட் வாங்கினால், அதிலுள்ள மாவு போன்ற தூளைச் சலித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலச வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளிலிருந்து கட்டியாக வரும் நார்க்கழிவில் உப்பு மிச்சம் இருக்கக்கூடும். ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்துப் பிழிந்த பிறகே அதைப் பயன்படுத்த வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடிக் கலவையை அழுத்திப் பார்க்கலாம். உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது.

குச்சி பென்சில் கனத்தில், 10 முதல் 15 சென்டிமீட்டர் நீளத்தில், மூன்று, நான்கு கணுக்களோடு இருக்கட்டும். மிக இளசும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். வளைத்தால் சற்று வளைந்து பின் ஒடிகிற பக்குவம். காலையில், செடியில் நீர் நிறைந்திருக்கும்போது, ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். பூ, மொட்டு இருந்தால் கிள்ளிவிட வேண்டும். கீழிலைகளை நீக்கி, மேலிலைகள் பெரிதாக இருந்தால் பாதியாகக் கத்தரிக்கலாம். வேர்ப்பொடி இங்கே நன்றாக வேலை செய்யும். கலவையில் முதலில் குச்சியால் துளையிட்டு, பிறகே பொடி தோய்த்த குச்சியை இறக்கினால் பொடி உதிராது.

அடியில் காற்றுக் கிடைத்துவிட்டது; இனி இலை வாடாமல் பார்க்க வேண்டும். தொட்டியைத் தெளிவான பிளாஸ்டிக் பையாலோ, அடிவெட்டிய தண்ணீர் பாட்டிலாலோ மூடி நிழலில் வைத்தால் உள்ளே ஈரக்காற்று நிற்கும். மூடியபின் நேர் வெயில் படவே கூடாது. சில நிமிடத்தில் உள்ளே வெந்துவிடும். பெரிய நர்சரிகளில் இந்தப் பிளாஸ்டிக் பையின் வேலையை மூடுபனி அறை செய்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மெல்லிய நீர்ப்புகை தெளிக்கும் அந்த அறைகளில்தான் சவுக்கு, தைல மரக் குளோன்கள் பெருமளவில் உற்பத்தியாகின்றன. தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை நடத்தும் குளோன் நாற்று மையம் இதற்குத் தெரிந்த உதாரணம். வீட்டுக்கு அந்த ஏற்பாடு தேவையில்லை.

காகிதப்பூ, பன்னீர் ரோஜா, குண்டுமல்லி, மிளகு, மாதுளை ஆகியவற்றுக்கு இந்த வழிதான் முதல் தேர்வு. காகிதப்பூவின் வேர் மிக மென்மையானது. வாளியில் வேர்விட்டாலும் எடுத்து நடும்போது அறுந்துவிடும். அதை ஆரம்பத்திலேயே நாற்றுப்பையில் தனித்தனியாக ஊன்றி, வேர் நன்றாகப் பரவும்வரை அசைக்காமல் விட வேண்டும். டிராகன் பழம், கள்ளி வகைகளின் துண்டுகளை வெட்டிய கையோடு ஊன்றக் கூடாது. சில நாள் நிழலில் வைத்து வெட்டுவாய் காய்ந்து தோல் மூடிய பிறகே மணலில் வைக்க வேண்டும். இவற்றைக் குமிழி வாளிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பதியம்: தாயோடு இருந்தபடியே வேர்

மற்ற மூன்று வழிகளிலும் கிளையை முதலில் வெட்டி, பிறகு வேருக்குக் காத்திருக்கிறோம். பதியத்தில் வரிசை மாறுகிறது: வேர் வந்தபிறகே வெட்டு. இலை வாடும் சிக்கல் அதனால் இல்லவே இல்லை.

விண்பதியத்தில், பென்சில் கனமுள்ள கிளையில் 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுக்கிறார்கள். உள்ளே கட்டை வழியாகத் தண்ணீர் மேலே போய்க்கொண்டிருக்கும். பட்டை வழியாக இறங்கும் சர்க்கரையும் ஆக்சினும் உரித்த இடத்துக்கு மேல் விளிம்பில் தடைபட்டுத் தேங்கும். அங்கே ஈரமான பாசியையோ நார்க்கழிவையோ வைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினால், ஐந்தாறு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் தாள் வழியே வேர் தெரியத் தொடங்கும். உரித்த இடத்தில் வழுவழுப்பான பச்சைப் படலம் மிச்சமிருந்தால் பட்டை மறுபடி கூடிவிடும். அதைக் கத்தி முதுகால் சுரண்டி எடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. வெயில் படும் கிளையாக இருந்தால் மேலே அலுமினியத் தாளைச் சுற்ற வேண்டும்.

கொய்யா, எலுமிச்சை, மாதுளை, இட்லிப்பூ போன்றவற்றுக்கு, அதிலும் ஒன்றிரண்டு செடி மட்டும் போதும் என்கிறவர்களுக்கு, விண்பதியம் நம்பகமான வழி. ஒரே தாய்மரத்தில் இருபது பதியம் கட்டினால் மரம் தளர்ந்துவிடும். மல்லி, முல்லை, பிச்சி போன்று தரையைத் தொடும் கிளைகள் உள்ளவற்றுக்கு மண்பதியம் இன்னும் எளிது. கிளையைக் கீழே வளைத்து, ஒரு கணுவுக்கடியில் சிறு கீறல் போட்டு மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தால் வேலை முடிந்தது. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் தாய்ச்செடி அதைப் பார்த்துக்கொள்ளும்.

எந்த வழியிலும் வராதவை

சில செடிகளில் குச்சியோடு மல்லுக்கட்டுவது நேர விரயம். மா மரத்துக்கு ஒட்டுக்கட்டுதல்தான் வழி. கறிவேப்பிலை குச்சியில் அரிதாகவே பிடிக்கும். அதற்குப் பழுத்த விதையோ, அடியில் முளைக்கும் வேர்க்கன்றோ எளிது. ஓசூர்ப் பக்கத்து நர்சரிகளிலிருந்து வரும் பெரிய பூ ஹைபிரிட் ரோஜாக்கள் காட்டு ரோஜாவின் வேர்மேல் மொட்டுக்கட்டியவை. குச்சியில் வேர்விட்டாலும் அந்த வீரியம் கிடைக்காது. முருங்கையில் பி.கே.எம்.-1 போன்ற செடிமுருங்கைக்கு விதை. யாழ்ப்பாண முருங்கை, மூலனூர் முருங்கை போன்ற மரவகைகளுக்கு ஒரு மீட்டர் அளவுள்ள போத்தை நேரே நிலத்தில் நடுவது.

தாய்ச்செடியின் நோயும் குச்சியோடு வந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. மரவள்ளியில் தேமல் நோய் தோட்டம் விட்டுத் தோட்டம் பரவுவதற்கு, வெள்ளை ஈயோடு சேர்த்து, நோயுற்ற செடியின் குச்சியை நடுவதும் காரணம். இலை சுருண்ட, தேமல் விழுந்த, மாவுப்பூச்சி ஏறிய செடியிலிருந்து எவ்வளவு ஆசையாக இருந்தாலும் குச்சி எடுக்க வேண்டாம்.

வீட்டுக்கு ஏற்ற தேர்வு

தினமும் கவனிக்க நேரமும், நிற்காத மின்சாரமும், குளிர்ந்த மூலையும் இருந்து, ஒரே செடியில் ஏழெட்டு நாற்று வேண்டுமென்றால் குமிழி வாளி. பலவகைக் குச்சிகளைச் சேர்த்து வைக்க வேண்டும், செலவு கூடாது என்றால் மணல் கலவையும் பிளாஸ்டிக் பையும். ஒன்று அழுகினாலும் மற்றது தப்பும். ஒரே ஒரு செடிதான், ஆனால் அது தவறவே கூடாது, தாத்தா வைத்த கொய்யாவின் வாரிசு வேண்டும் என்பது போன்ற நிலையில் பதியத்தைத் தவிர வேறு எதையும் எண்ண வேண்டாம். சமையலறைக் கீரை, மூலிகைக்குக் குவளையே போதும்.

பருவமும் முக்கியம். கோடையைத் தவிர்த்து, ஆடியிலிருந்து கார்த்திகைவரை மழையீரமும் மிதமான வெப்பமும் உள்ள மாதங்களில் எல்லா வழிக்கும் பலன் கூடும். பதியம் கட்ட மழைக்காலத் தொடக்கமே நல்ல நேரம்.

வேர்விட்ட பிறகு வரும் கண்டம்

வாளியில் கற்றையாக வேர்விட்ட செம்பருத்தி, தொட்டிக்கு மாறிய மூன்றாம் நாள் தலைதொங்கிப் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. நீரில் பிறந்த வேரில் வேர்த்தூவிகள் குறைவு, எளிதில் ஒடியும், மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் பழக்கம் அதற்கு இனிமேல்தான் வர வேண்டும். அழகாக நீளட்டும் என்று காத்திருந்தால் ஒடிவதுதான் மிச்சம். 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம் வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

மாற்றும் கலவையும் முதலில் லேசானதாக இருக்கட்டும்: நார்க்கழிவு, மணல், கொஞ்சம் மண்புழு உரம். குழி தோண்டி, வேரைத் தொங்கவிட்டு, கலவையைச் சுற்றிலும் தூவி, தண்ணீர் ஊற்றி அமரவிட வேண்டும்; விரலால் அழுத்தக் கூடாது. முதல் வாரம் பிளாஸ்டிக் பை மூடி நிழலில் இருக்கட்டும். கலவை காயவே கூடாது. இரண்டாம் வாரம் பையைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்துவைத்து, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். புது இலை விரிந்தால் வேர் பிடித்துவிட்டது என்று பொருள். அதன்பிறகு காலை வெயிலுக்கு நகர்த்தி, ஒரு மாதம் கழித்துத் தோட்டத் தொட்டிக்கு மாற்றலாம்.

மணல் கலவையிலோ பதியத்திலோ வந்த செடிக்கு இந்தக் கண்டம் குறைவு. அதன் வேர் தொடக்கத்திலேயே திடமான ஊடகத்தில் பிறந்தது. முதன்முதலாகத் தொடங்குபவர்கள் செம்பருத்தியை எடுத்துக்கொள்ளலாம். ஒரே செடியில் ஒரே காலையில் பத்துக் குச்சி வெட்டி, ஐந்தை வாளியிலும் ஐந்தை மணல் கலவையிலும் வைத்து, வெட்டிய தேதியை ஒரு சீட்டில் எழுதித் தொட்டியில் ஒட்டிவிட வேண்டும். ஆறு வாரத்தில் எத்தனை வேர்விட்டன என்பதை மட்டும் எண்ணாமல், மூன்று மாதம் கழித்து எத்தனை செடி நிற்கின்றன என்றும் எண்ண வேண்டும். அடுத்த முறை எந்த வழியில் குச்சி வைப்பது என்பதை அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து முடிவு செய்யலாம்.